வெள்ளை வரப்பு

போன வாரம் அரியலூருக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி புழுதியை வாரி முகத்தில் அடித்தது. உதட்டை நக்கினேன். அந்த ருசியில் செல்லக்கண்ணுவின் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், முந்திரி உடைப்பு என்று சுற்றிவிட்டு, வாடகை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். உழுகிற வீட்டில் சாப்பாடு, டிரெய்லருக்கு அடியில் படுக்கை. டீசல் ஊறிய என் சட்டையை நாய்கூட மோந்து பார்க்காது.

செல்லக்கண்ணு பரம்பரையாகக் கூலிக்குப் போன குடும்பம். அவரும் அவர் சம்சாரம் பாப்பாத்தியக்காவும் பாடுபட்டு வாங்கிய முதல் நிலம் அந்தக் கடலைக்கொல்லை. வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் உழுததில், ஒரு சாணுக்குக் கீழே மண் திமிசு போட்டதுபோல் இறுகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்று செடியை அழுக வைத்தது. விவசாய ஆபீசில் உளிக்கலப்பை போடச் சொன்னார்கள். நான்தான் ஓட்டினேன். அது மண்ணைப் புரட்டாது. அடியில் கீறி இறுக்கத்தை மட்டும் உடைக்கும். மேலே பார்த்தால் வெறும் கோடுகள்தான் தெரியும்.

பக்கத்துக் கொல்லைக்காரன் வரப்பில் நின்று சிரித்தான். "என்ன மாமா, கொல்லைக்குத் தலை வாரி வுட்டியா?"

"அவன் கெடக்கான். ஒரு மழை பேயட்டும், செத்த பொறுங்க" என்றார் பாப்பாத்தியக்கா.

செல்லக்கண்ணுவால் பொறுக்க முடியவில்லை. கட்டி கட்டியாக மண் புரண்டால்தான் எங்கள் பக்கத்தில் அது உழவு. புரளாத கொல்லைக்காரனைச் சோம்பேறி என்பார்கள். நேற்றுவரை கூலிக்குப் போனவனென்றால் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள்.

நான் அரும்பாவூர்ப் பக்கம் போய்விட்டு ஆடியில் திரும்பியபோது கொல்லை வெளுத்துக் கிடந்தது. வேறொரு டிராக்டரைக் கூப்பிட்டு, மண்ணைப் புரட்டிப் போடும் சட்டிக்கலப்பை போட்டிருக்கிறார். உளி தளர்த்திய மண்ணில் சட்டி தாராளமாக இறங்கி, அடியில் கிடந்த சுக்கான்கல்லை, அந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லை, மேலே கொண்டுவந்துவிட்டது. இருவரும் கூடையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்ட மாதிரியே பொரண்டுடுச்சு தம்பி" என்றார் செல்லக்கண்ணு. சிரிக்கப் பார்த்தார். பாப்பாத்தியக்கா அடுத்த கூடையைத் தூக்கினார்.

பொறுக்கப் பொறுக்கக் கல் வந்தது. முளைத்த கடலையெல்லாம் சுண்ணாம்புக் காரத்தில் மஞ்சளடித்தது. அள்ளிப் போட்ட கல்லில் வரப்புதான் வளர்ந்தது. வெயிலில் அது ரோட்டிலிருந்தே பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துத்தான் ஒரு நாள் சிமெண்ட் கம்பெனி ஜீப் நின்றது. விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மறுப்பார்? கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிறகொரு தடவை அந்த வழியாகப் போனபோது, அதே இடத்தில் கம்பெனி தோண்டிய குழிக்குள் கூலிக்குக் கல் சுமந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அதே கல்லுதான் தம்பி. அப்ப எங்களுக்காவப் பொறுக்கினோம்."

உளி கீறிய மண்ணில் ஒரு மழை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போனது.

பஸ் அந்தக் குழியோரமாகத் திரும்பியது. அடியில் பச்சையாக மழைத்தண்ணீர் நின்றது. கடலைச்செடி நின்ற உயரத்தில் இப்போது காற்று மட்டும்தான் இருக்கிறது.