சும்மா இருக்கும் வகுப்பு

மே மாதம், பள்ளி விடுமுறை, காலை பத்து மணி. பெருங்களத்தூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குழந்தையின் சத்தம்கூட இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் முதுகில் பையை மாட்டி எங்கோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அபாகஸ், ஃபோனிக்ஸ், கையெழுத்து, ரோபோ செய்தல். ஐந்து வயதில் ரோபோ செய்து எதைக் கிழிக்கப்போகிறார்களோ தெரியவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஐந்து வயது நிலாவும் மூன்று வயது அகிலனும் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே வெறுந்தரையில் கிடந்தார்கள். நானும் கிடந்தேன்.

நாங்கள் வாழும் ஸ்வீடனில் பிள்ளை வளர்க்கத் தகப்பனுக்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ‘ஃபொரெல்ட்ரலேடிஹேத்’ என்பார்கள். அதை எடுத்துக்கொண்டுதான் பிள்ளைகளோடு இங்கே வந்திருக்கிறேன். மனைவி ஜூனில் வருவாள். இதையெல்லாம் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு லிஃப்டில் விளக்கிச் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, “விடுங்க சார், ஐ.டி.ல இப்ப எல்லாருக்கும் போகுது. வேற கெடைக்கும்” என்றார். ஆம்பளை பகலில் வீட்டில் இருந்தால் வேலை போயிருக்க வேண்டும் என்பதைத் தாண்டி அந்த மண்டைக்குள் எதுவும் ஏறாது.

நான் குரோம்பேட்டையில் வளர்ந்தவன். அதொன்றும் பொற்காலம் இல்லை. விடுமுறையில் காலையில் வெளியே துரத்துவார்கள், பசித்தால் திரும்பி வருவோம். ரயில்வே மேம்பாலத்தில் நின்று மின்சார ரயில்களுக்குக் கையசைத்ததைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்ததில்லை. என்ன கற்றுக்கொண்டாய் என்று எவரும் கேட்டதும் இல்லை. அந்த ஊரை நம்பித்தான் பிள்ளைகளைக் கூட்டிவந்தேன். ஸ்வீடன் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. அங்கே என் மகள் இன்னொரு பிள்ளையோடு விளையாட, ஒரு வாரம் முன்பே குறுஞ்செய்தி அனுப்பி நாள் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் சாப்பாட்டு நேரம் வந்ததும் அவளை அறையில் உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் சாப்பிட்டார்கள். கேட்டால் நாகரிகமாம்.

எதிர்வீட்டு ஆத்யா ஒருநாள் அபாகஸுக்கும் ஓவிய வகுப்புக்கும் நடுவே எங்கள் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தாள். மூவரும் நுங்கை நோண்டித் தின்று, சட்டையெல்லாம் ஒழுகவிட்டுத் தரையில் உருண்டார்கள். நிலாவுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் தோழி. மாலையில் ஆத்யாவின் அம்மா வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். ஆத்யா இங்க என்ன பண்ணினா?”

“ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா படுத்துக்கிட்டு இருந்தாங்க.”

“சும்மாவா?” என்றார். குழந்தைக்கு நான் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டதைப் போலப் பார்த்தார். அதோடு ஆத்யா வருவது நின்றது. நிலா கதவோரம் உட்கார்ந்து எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழவில்லை.

அதைப் பார்த்த எரிச்சலில்தான், மாடிப்படியில் அந்த அம்மையாரைப் பார்த்தபோது நக்கலாகச் சொன்னேன். “அது ஸ்வீடன் மெத்தட் மேடம். அன்ஸ்ட்ரக்சர்ட் ப்ளே. அங்க யூனிவர்சிட்டிலயே சொல்லித் தராங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்று அவர் குறைபட்டுக்கொண்டார். “பேட்ச் எத்தனை மணிக்கு?”

மறுநாள் வாசலில் தண்ணீர் பாட்டிலும் பையுமாக ஒரு கூட்டமே நின்றது. முன்னால் ஆத்யா. நிலா கத்திக்கொண்டு ஓடினாள். அதைப் பார்த்த பிறகு இது வகுப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “எல்லாரும் தரையில படுங்க” என்றேன். படுத்தார்கள். ஒருத்தி படுத்தபடியே தலையைத் தூக்கி, “இது கரெக்டா சார்?” என்று கேட்டாள். அவர்கள் என்னை மறந்து உருளத் தொடங்க வெகுநேரம் பிடித்தது.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக “தேங்க் யூ சார்” சொன்னார்கள். ஸ்வீடனில் பக்கத்து வீட்டுப் பொடிசுகள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். சொந்த ஊரில் நான் சார். வரிசையின் கடைசியில் நிலா நின்றிருந்தாள். “தேங்க் யூ சார்” என்றாள், சிரிக்காமல். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஆத்யாவின் கையைப் பிடித்து அவளும் வெளியே போனாள்.