ஃபிரிட்ஜுக்குள் வைத்த போன்

கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும், உலகத்து மிஷின் எல்லாம் இவனுக்குச் சொந்தக்காரங்க என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் தலையெழுத்து அது. அவனுக்குத் தெரிந்ததே ஃபிரிட்ஜ் ஒன்றுதான். ஆனால் அந்தக் குடியிருப்பில் படியேறி முடிப்பதற்குள் ஏழு கேள்வி வந்து விழும்.

"லிஃப்ட் பட்டனை நாலு தடவை அமுக்கினா சீக்கிரம் வருமா?"

"சார்ஜ் ஃபுல்லான பிறகு மிச்ச கரண்ட் எங்கப்பா போகும்?"

தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. "பக்கத்து வீட்டுக்குப் போகும், கேட்டு வாங்கிக்கங்க" என்பான். கேட்டவர் சிரிப்பார், இவனும் சிரிப்பான். தன் வாய்த்துடுக்கில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

சிரிக்காத ஒரே ஆள் மூன்றாம் மாடித் தையல்கார அக்கா. ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் மாற்றப் போன அன்று அவர் இரண்டு கேள்வி கேட்டார். கதவை மூடின பிறகும் உள்ளே லைட் எரியுமா? அது இவன் தொழில்; அணைந்துவிடும் என்று ஒழுங்காகச் சொன்னான். அடுத்தது, "தம்பி, போன் கொதிக்குதே, என்ன பண்றது?"

ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடியே, "இதுலயே வைங்கக்கா, ஜில்லுன்னு ஆயிடும்" என்றான். ரப்பரை மாட்டினான், சொன்னதை மறந்தான்.

இரண்டு மாதம் கழித்து, கதவு சரியாக மூடவில்லை என்று மறுபடி கூப்பிட்டார். திறந்து பார்த்தால், பால் பாக்கெட்டுக்கும் தக்காளிக்கும் நடுவில், ஈரம் படாமல் பூப்போட்ட துணியில் தைத்த உறைக்குள், போன்.

"என்னக்கா இது?"

"நீ சொன்னதுதான்ப்பா. மதியம் தைக்க உக்காரும்போது வச்சிடுவேன். ஆனா சூடு குறையவே மாட்டேங்குது. சிவப்பா நம்பர் காட்டுது பாரு. மொதல்ல மூணு, அப்புறம் ஆறு, இப்ப பதினொண்ணு. அதான் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்கிறேன்."

வாங்கிப் பார்த்தவன் முகத்தில் ஈயாடவில்லை. அது சூடு இல்லை. எடுக்காத அழைப்புகள். பதினொன்றும் அவர் மகனுடையவை. மகனுக்குக் கப்பலில் வேலை. துறைமுகம் வந்தால்தான் பேச முடியும், அதுவும் மதியம்தான். தையல் மிஷின் சத்தத்தில், தடிமனான கதவுக்குப் பின்னால், போன் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கிறது. பச்சை வந்தால் தொடு என்பதற்கு மேல் அக்காவுக்குப் போனில் எதுவும் தெரியாது.

"பையன் பேசினானாக்கா?" குரல் தானாக இறங்கியது.

"ரெண்டு மாசமா பேச்சே இல்லப்பா. போன தடவை கொஞ்சம் கடுப்பா பேசிட்டேன். அதை மனசுல வச்சிருக்கான் போல." அக்கா அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

ஒரு தொடு தொட்டால் அந்தச் சிவப்பு மறைந்துவிடும். யாருக்கும் தெரியாது. விரல் அதுவரை போய், நின்றது.

"அக்கா, இது சூடு இல்ல. உங்க பையன்தான் கூப்பிட்டிருக்கான். பதினொரு தடவை. நான் அன்னிக்கு… சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பான். அக்கா திட்டவில்லை. "பதினொரு தடவையா?" என்றார். முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே வாடியது. அவன் திருப்பி அழைத்துப் பார்த்தான். தொடர்பு கிடைக்கவில்லை. கப்பல் மறுபடி கடலுக்குள் போயிருக்கும்.

அவன் தலை நிமிராமல் கதவின் கீலை முடுக்கினான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்டார், "மூடினா லைட் அணைஞ்சிடும்னியே. அதுவும் விளையாட்டா?"

"ஐயோ, அது நிஜம்க்கா!" கதவோரத்துப் பட்டனை அமுக்கிக் காட்டினான். லைட் அணைந்தது.

"இப்ப நீ அமுக்குற, அணையுது. மூடின பிறகு யாரு பார்த்தா?"

நிரூபிக்க ஒரே வழிதான் உண்டு. போனில் வீடியோவை ஓடவிட்டு, உள்ளே வைத்து, கதவை மூட வேண்டும். சொல்ல வாயைத் திறந்தான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, சரியான பதில் கையில் இருந்தும், பேசாமல் மூடிக்கொண்டான்.