சட்டமாகாத சட்டமும் என் மூன்றாவது பந்தியும்

போன ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில், டோர்ட்மண்ட் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கதவருகே ஒரு கதிரையில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தார். மன்னார்க்காரர். இருபது வருடத்துக்கு மேல் அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர். இடுப்பு மூட்டுத் தேய்ந்துபோய் வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

"வாற வியாழன்தானே ஒப்பரேசன்?" என்று கேட்டேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் – எனக்குத் திகதிகள் மறப்பதில்லை. யாருக்கு எப்போது என்ன என்று டயரியில் குறித்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. ஜெசிந்தா அந்தத் தெர்மினுக்காக ஏழு மாதம் காத்திருந்தவர். ஆஸ்பத்திரி தரும் நேரத்துக்குப் பெயர் தெர்மின். இந்த நாட்டில் அது கிடைத்தால் பத்திரப்படுத்த வேண்டும்.

"அதை நான் வெள்ளிக்கிழமையே நிப்பாட்டிப்போட்டன், அண்ணை."

"ஏன்?"

"நீங்கள்தானே குறூப்பில போட்டனீங்கள்... இனி மனுசிமாருக்குச் சும்மா இன்சூரன்ஸ் இல்லையெண்டு."

கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தேன்.

விஷயம் இதுதான். இங்கே கணவன், மனைவி இருவரில் ஒருவர் வேலை செய்தால், வருமானம் இல்லாத மற்றவர் தனியாகப் பணம் கட்டாமலே அவருடைய மருத்துவக் காப்புறுதியில் சேர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளும் அப்படியே. ஜெசிந்தாவுக்கு இப்போது இருப்பது அந்தக் காப்புறுதிதான் – உணவகச் சமையலறையில் வேலை செய்யும் கணவர் அன்ரனின் நிழலில். காப்புறுதி நிறுவனங்களிடம் காசு போதவில்லை என்று சீர்திருத்தம் பேசுகிறார்கள். வாழ்க்கைத்துணைக்கும் ஏதாவது கட்ட வேண்டும் என்பது அதில் ஒரு யோசனை.

அதைப் பற்றித்தான் நான் கோவில் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பந்தி எழுதியிருந்தேன். முதல் பந்தியில் நிபுணர்கள் என்ன சொன்னார்கள் என்று இருந்தது. இரண்டாவதில் யார் யாருக்கு விலக்கு வரலாம் என்ற வாதம். மூன்றாவதில் இன்றைய நிலை: இது வெறும் யோசனை, இன்னும் சட்டமாகவில்லை, யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை.

"நான் வடிவா எழுதியிருந்தனே, ஜெசிந்தா!"

அவர் தன் போனை எடுத்து நீட்டினார். என் முதல் பந்தி இருந்தது. அதன் கீழே, சின்ன எழுத்தில், 'மேலும் வாசிக்க'. அதை யார் அமத்துவார்கள்? சொல்லுங்கள், நீங்கள் அமத்துவீர்களா?

"யோசனை எண்டு முதல் வரியிலயே இருக்கே?"

"அரசாங்கத்தின்ர ஆக்கள் யோசிச்சால் முடிஞ்சுதுதானே, அண்ணை?"

நாங்கள் வந்த இடத்தில் அப்படித்தான் இருந்தது. வானொலி ஊரடங்கு என்று சொல்லும்போதே தெருவில் ஊரடங்கு நடந்துகொண்டிருக்கும். சட்டம் முதலில் வரும், செய்தி பிறகு வரும். இங்கே நேர்மாறு. செய்தி முதலில் வந்துவிடும். சட்டம் பின்னால் ஆடி அசைந்து வரும் – நிபுணர் குழு, அமைச்சு, அமைச்சரவை, பாராளுமன்றம், மாநிலங்களின் சபை, ஜனாதிபதியின் கையெழுத்து, கடைசியாக அரசு இதழ். ஒவ்வொரு படியிலும் தொகை மாறும், விலக்கு மாறும், சில வேளை முழுதாகவே காணாமல் போகும். ஜெர்மன்காரர் செய்தியைக் கேட்டதும் சண்டை பிடிக்கத் தொடங்குகிறார். நாங்கள் செய்தியைக் கேட்டதும் கீழ்ப்படியத் தொடங்குகிறோம்.

அப்போது பற்றிஸ் தட்டோடு அன்ரன் வந்தார். அவருக்கு எதுவுமே தெரியாது.

"என்னது, தெர்மினை நிப்பாட்டினனீரோ? உமக்கென்ன விசரே?"

"கத்தாதேங்கோ, ஆக்கள் பாக்கினம்."

"எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"சொன்னால் என்ன செய்வியள்? ரெண்டாவது வேலைக்குப் போறன் எண்டு நிப்பியள். ஒப்பரேசன் பில் வீட்டுக்கு வந்தால் ஆர் கட்டுறது? அதுதான், ஆஸ்பத்திரிக்காரரையும் கரைச்சல்படுத்தாமல் நேரத்தோட சொல்லிப்போட்டன்."

பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "இவ்வளவு நாளும் நான் இவரில சும்மா ஒட்டிக்கொண்டிருந்தனான் எண்டு உங்கட மெசேஜைப் பாத்தாப் பிறகுதான் விளங்கினது, அண்ணை" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டுவிட்டு என்னால் பற்றிஸ் சாப்பிட முடியவில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். விடியுமுன் பஸ் பிடித்துப்போய் மற்றவர்களின் மேசைகளைத் துடைத்தவர். இடுப்பு தேய்ந்தது அந்த வேலையில்தான். இலவசம் என்று நான் எழுதிய ஒரு சொல் அவரை யாரோ ஒருவரின் தலையில் ஏற்றிவைத்த பாரமாக ஆக்கிவிட்டது. நான் எழுதியது பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லை யார் வாசிப்பார்கள் என்று யோசித்தேனா?

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. ஏறி முடிக்க எனக்கே மூச்சு வாங்கியது. முதலில் காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் செய்தோம். ஸ்பீக்கரில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னார்: எதுவும் மாறவில்லை, கார்ட் செல்லும், ஒப்பரேசனுக்குத் தடையில்லை.

"சட்டம் வந்தால் நாங்கள் எவ்வளவு கட்ட வேணும் எண்டு கேளுங்கோ" என்றார் அன்ரன். கேட்டேன். அது இன்னும் யாருக்கும் தெரியாது என்றார் அந்தப் பெண்.

"உண்மையைச் சொல்லுறா," என்றார் அன்ரன்.

பிறகு ஆஸ்பத்திரி. அங்கேதான் சிக்கல். வியாழக்கிழமை இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இடம் இலையுதிர்காலம் முடியும்போது. யாராவது இடையில் ரத்துச் செய்தால் கூப்பிடுவார்களாம். பெயரைப் பட்டியலில் போட்டுக்கொண்டார்கள்.

நான் போனை வைத்தேன்.

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். "அப்ப என்னைப்போல இன்னொரு விசரி உங்கட மெசேஜை வாசிச்சால்தான் எனக்கு இடம் கிடைக்கும் போல?"

அன்ரன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொரு அடியாக வைத்து, எனக்குத் தேநீர் போடப் போனார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. குசினி ஏழு அடி தூரம்தான். அந்த ஏழு அடியையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எப்போதும் திகதி வரிசைப்படி எழுதுகிறவன். முதலில் நடந்தது முதலில், கடைசியில் நடந்தது கடைசியில். அதுதான் ஒழுங்கு என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். ஆனால் பயத்தோடு வாசிக்கிறவருக்கு வேண்டியது வரலாறு அல்லவே. இன்றைக்கு எனக்கு என்ன ஆகும் என்பதுதானே?

அன்று மாலையே குழுவில் புதிதாக ஒன்று எழுதினேன். முதல் வரி: இன்னும் சட்டமாகவில்லை. இரண்டாவது வரி: யாரும் எந்தத் தெர்மினையும் நிப்பாட்ட வேண்டாம். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஐந்தே நிமிடத்தில் ஒருவர் பதில் போட்டார்: "நன்றி அண்ணை. அப்ப எப்ப இருந்து கட்ட வேணும்?"

வியாழக்கிழமை டயரியைத் திறந்தேன். 'ஜெசிந்தா – ஒப்பரேசன்' என்று ஏழு மாதத்துக்கு முன் நான் எழுதிய வரி அங்கே இருந்தது. அதை வெட்டவில்லை. பக்கத்தில் எழுதினேன்: நடக்கவில்லை. காரணம், என் மூன்றாவது பந்தி.