முரளி அண்ணன் திருப்பிய முட்டை

நான் வளர்க்கும் லெப்பர்டு கெக்கோ பல்லி இட்ட இரண்டு முட்டைகளில் ஒன்று இன்று காலை பொரிந்தது. விரல் நீளத்தில் வரிவரியாக ஒரு குட்டி!

கம்பெனி பஸ்ஸில் போட்டோவைக் காட்டினேன். கவரைப்பேட்டையில் ஏறிய முரளி அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டு பின்சீட் வரை போனார்.

“நான்தாம்பா அன்னிக்கி இவன் ஊட்டுக்குப் போயி முட்டைய திருப்பி வெச்சேன். கோழி வளத்த கைப்பா இது. இவனுக்கு இன்னா தெரியும்?”

திருப்பினார்தான். கோழி முட்டையைத் திருப்ப வேண்டும். பல்லி முட்டையைத் திருப்பினால் உள்ளே கரு செத்துப்போகும். அதற்காகவே இரண்டின் மேல்பக்கத்திலும் பென்சில் புள்ளி வைத்திருந்தேன். அவருக்கு டீ போட்டு எடுத்து வருவதற்குள் ஒன்றின் புள்ளி அடிப்பக்கம் போயிருந்தது.

பொரிந்தது, அந்தக் கோழி வளர்த்த கை படாத முட்டை.

பஸ்ஸே அவருக்குக் கை கொடுத்தது. எனக்கு ஒருத்தரும் கொடுக்கவில்லை.

இறங்கும்போது தோளில் தட்டி, “டேய், அதுக்கு என் பேர வைடா” என்றார்.

வைத்துவிட்டேன் அண்ணே. குட்டிக்கு இல்லை. டப்பாவில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் இன்னொரு முட்டைக்கு.

முரளிக்கு இரங்கல் தெரிவிக்க விரும்புவோர் கமெண்டுக்கு வரலாம்.