சுவருக்கும் சலாம் போட்ட மந்திரி

காஜாக்காரிக்குப் பொறாமை என்பது வந்து போகும் விருந்தாளி அல்ல, நிரந்தரக் குடித்தனம். சட்டைகளுக்குக் காஜா எனும் பட்டன் துளை தைப்பது அவள் தொழில். முன்னறையில் அவள் மெஷின்; பின்னறையில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் மகனும் இவள் மகளும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். ஆறு மாதமாக இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் ஒரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அது அவற்றுக்குத் தெரியாது.

ஓரகத்தியின் மகன் முந்திச் சிரித்தான், முந்திக் குப்புற விழுந்தான். போதாக்குறைக்கு இப்போது சலாம் வேறு. தலை சட்டென்று முன்னால் கவிழும்; இரு கைகளும் சேர்ந்து உயரும். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ‘மந்திரி’ என்று பெயரும் வைத்தாயிற்று.

“ஆளைப் பார்த்ததும் என்ன மரியாதை பாருங்கக்கா” என்றாள் ஓரகத்தி.

“எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, கட்டை விரலைத் தவிர எதையும் மதிக்காது.”

அன்றிலிருந்து குற்றம் கண்டுபிடிக்கவே மந்திரியைக் கவனித்தாள் காஜாக்காரி. பெற்றவள்கூட அத்தனை உன்னிப்பாகப் பார்த்ததில்லை. தூங்கி எழுந்ததும் சுவரைப் பார்த்து ஒரு சலாம். சில நொடி கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. எண்ணினாள், பதினொன்று. சட்டை முகப்பில் பட்டன் வைத்ததுபோல ஏறக்குறைய ஒரே இடைவெளி. முடிந்ததும் அழுகை.

‘சுவருக்குமா சலாம்?’ மகிழ்ச்சியோடு போனில் படம் பிடித்தாள். மந்திரி மேதை அல்ல என்று புருஷனிடம் நிரூபிக்க வேண்டுமே.

மறுநாள் கிலுகிலுப்பையை ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. அவன் சிரித்தே நாலு நாள் ஆகியிருந்தது. குப்புற விழுவதும் நின்றிருந்தது. எதிராளி பந்தயத்தில் பின்தங்கினால் சந்தோஷம் வர வேண்டும். அவளோ பின்னறைக்குப் போய் வீடியோவைக் காட்டி, உடனே டாக்டரிடம் போகச் சொன்னாள்.

“காய்ச்சல்கூட இல்லையே அண்ணி. தடுப்பூசிக்குப் போறப்ப கேட்டுக்கலாம்” என்றான் கொழுந்தன்.

ஓரகத்தி பூசி மெழுகவில்லை. “உங்களுக்கு வயித்தெரிச்சல்க்கா.”

“எரியுது. இல்லைன்னா சொன்னேன்? எரிச்சல் என்னுது, வீடியோல இருக்கறது உன் பிள்ளை. கிளம்பு.”

டாக்டர் பதினொன்று என்ற கணக்கைக் கேட்டு, வீடியோவை இரண்டு முறை பார்த்தார். “இது சலாம் இல்லம்மா. கைக்குழந்தைங்களுக்கு வர்ற ஒரு வகை வலிப்பு. வெட்டி இழுத்தாதான் வலிப்புன்னு இல்ல. தூங்கி எழுந்ததும் இப்படி வரிசையா வரும். தள்ளிப்போட்டா மூளை வளர்ச்சி கெட்டுடும். இன்னைக்கே சேர்த்துடுங்க. எத்தனை வருதுன்னு எண்ணினது யாரு?”

“இவன் பெரியம்மா. என் பிள்ளை மேல எப்பவும் அவங்களுக்கு ஒரு கண்ணு” என்றாள் ஓரகத்தி. ஆறு மாதமாகக் குத்தலாகச் சொல்லிவந்த வாக்கியம். அன்றுதான் சொல்லும்போது அழுதாள்.

அன்று மாலையே தலையில் ஒயர்கள் ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்து மருந்து தொடங்கினார்கள். இரண்டு வாரத்தில் சலாம் நின்றது. இனி எப்படி வளர்வான் என்பதைப் போகப் போகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மருந்தில் கன்னம் உப்பியது. “என்ன கொழுகொழுன்னு இருக்கான்” என்றார்கள் வந்தவர்கள். அது மருந்து வீக்கம் என்று காஜாக்காரிக்குத் தெரியும். ஆனாலும் தன் மகளின் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் மந்திரி சிரித்தான், அம்மாவைப் பார்த்து.

எண்ணினது நான், சிரிப்பு அவளுக்கா என்று நினைத்தபடி மெஷினை மிதித்தாள். அன்று தைத்த காஜாக்களில் ஒன்றுகூட நேராக விழவில்லை.