எரிமலைக்கு முன்னால் கழற்றிய ஷூ

என் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆனதும் அக்கா என்னை ரெயூனியன் தீவுக்கு வரவழைத்தாள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, இருபது வருஷமாக அவள் அங்கேதான் இருக்கிறாள். நான் திண்டிவனத்தில் நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிறவன். பக்கத்திலிருக்கும் கிளியனூரைத் தாண்டிப் போவதே எனக்குப் பெரிய பயணம். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் விமானம் ஏறினேன்.

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவளுக்காகத் தீ மிதிக்கிறேன் என்று எங்கள் ஊர் திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினேன். தீமிதிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் போய்விட்டாள். சாவு விழுந்த வீட்டுக்காரன் மிதிக்கக்கூடாது என்று பூசாரி காப்பை அவிழ்த்துவிட்டார். அந்த வேண்டுதல் இன்னும் நிற்கிறதா, அவளோடு தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கக் கூச்சம். அதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. அழுகையும் வரவில்லை.

நான் போன இரண்டாவது வாரம் அந்தத் தீவில் இருக்கும் எரிமலை வெடித்தது.

"லாவா ஓடுதாம்டா. எங்கெங்கயிருந்தோ வந்து பாக்கறானுங்க. நீ சொவத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கிற. ஜல்தியா கெளம்பு."

"நான் எதுக்குக்கா?"

"ம்? மல்லாட்டக் கொட்ட உரிக்க. எழுந்திருடா."

மத்தியானம் கார் மலையேறியது. மேலே மார்கழிக் காலையைவிடக் குளிர். எரிமலையைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் வழிகாட்டி எங்கள் ஷூ, தண்ணீர், டார்ச் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் நடக்க விட்டார். கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டக்கூடாது, காற்று திரும்பி கந்தக நெடி வந்தால் உடனே இறங்க வேண்டும் என்றார். கறுத்துக் கிடக்கும் எரிமலைக் குழம்பு ஆறியது போலத் தெரியும், அடியில் ஓடிக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார். அக்கா ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். ஒரு மணி நேரம் நடந்து எரிமலைப் பள்ளத்தின் விளிம்புக்குப் போனோம்.

தூரத்தில் ஒரு மேட்டின் வாயிலிருந்து சிவந்த குழம்பு எழும்பி விழுந்தது. கீழே அது கேப்பைக் கூழ் பானையிலிருந்து வழிவது போல மெதுவாக நகர்ந்தது. சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள், படம் எடுத்தார்கள். அவ்வளவு நெருப்பிலிருந்து கொஞ்சம்கூடச் சூடு எங்கள்மேல் வரவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் கைகள் தாமாகவே ஷூவையும் காலுறையையும் கழற்றின. தீக்குழிக்கு முன்னால் செருப்போடு நின்று எனக்குப் பழக்கமில்லை. கயிற்றின் அருகே வெறுங்காலோடு நின்று கும்பிட்டேன்.

வழிகாட்டி அதட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"டேய், இன்னாடா பண்ற? கல்லு கண்ணாடி மாதிரி கிழிக்கும். ஷூவப் போடு!" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

என் கும்பிட்ட கையைப் பார்த்ததும் வழிகாட்டியின் குரல் தணிந்தது. அவருக்கு நம் ஊர் முகம். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் வம்சம், தமிழ் தெரியாது. அக்காவிடம் நிறைய நேரம் பேசினார்.

"இவரும் வருஷா வருஷம் தீ மிதிக்கிறாராம்டா. அடுத்த மாசம் அவங்க கோயில்ல இருக்குதாம். நீயும் வர்றியான்னு கேக்கறாரு." அக்கா என் கையை விட்டாள். "உன் வேண்டுதல இங்கயே முடிச்சிடு. உனக்கும் மனசு பேஜாரு விடும்."

"அவதான் செத்துட்டாளேக்கா. யாருக்குன்னு மிதிக்கறது?"

செத்துவிட்டாள் என்ற வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா குழம்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இவருக்கு இன்னான்னு சொல்றது?"

"வரலன்னு சொல்லுக்கா. அந்த வேண்டுதல் அவளோட முடிஞ்சிபோச்சி."

சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு என் பாதத்தைக் காட்டினார். இடது காலில் நீளமாகக் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. அதன்மேலேயே காலுறையை இழுத்துவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டேன். திரும்பி நடந்த ஒரு மணி நேரமும் வலித்தது. வலிக்கிறது என்று அக்காவிடம் சொல்லவில்லை.