முந்தி வந்த குளிர்பெட்டி

மெல்பேர்ன் கார் தொழிற்சாலையில் ஜூன் மாதம் லீவு கிடைத்ததும் வடக்கே கிளம்பினேன். ரோடு எட்டாத பூர்வகுடி ஊர்களுக்கு டார்வினிலிருந்து சரக்குப் படகுகள் போவதாகக் கேள்வி. இந்தப் பணக்கார நாட்டில் மாதம் ஒரு படகை நம்பிச் சாப்பிடும் ஊரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

பஸ்ஸில் ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். அடிலெய்ட்டுக்கு வடக்கே நெடுந்தூரம் செம்மண் ரோடு, பல்லிலும் புழுதி. டார்வினில் சில வருடங்களுக்கு முன் அடித்த புயல் தூக்கிய கூரைகள் பல இன்னும் திரும்பவில்லை. சரக்குப் படகொன்றின் சமையற்காரர் சிவராசா அண்ணை வல்வெட்டித்துறைக்காரர். கப்டனிடம் சொல்லி என்னை ஏற்றினார். கட்டணமில்லை, சாப்பாட்டுக்கு நாளுக்கு இரண்டு டொலர், கூடவே வெங்காயம் உரிக்க வேண்டும்.

இந்தப் படகுக்குத் துறைமுகம் தேவையில்லை. கடல் பெருகும்போது மணலில் மூக்கை வைத்து, முன்பக்க இரும்புப் பலகையை இறக்கிச் சரக்கைக் கொடுத்துவிட்டு, வற்றுமுன் பின்வாங்கிவிடும். இரண்டு மணிநேரம்தான். பிந்தினால் அடுத்த பெருக்குவரை மணலில் கிடக்க வேண்டும்.

"முந்தி வந்த சாமான் உள்ளுக்கை போகும், தம்பி. பிந்தி வந்தது வாசலிலை நிக்கும்," என்றார் அண்ணை.

"அப்ப நேரத்துக்குக் குடுக்கிறவன் மடையனோ?"

"ஓம். நீ வெங்காயத்தை உரி."

மறுநாள் காலை ஆர்னம் லாண்ட் கரையில் ஒரு சிற்றூர். மருந்தகத்தில் வேலை செய்யும் மார்கரெட் என்ற பூர்வகுடிப் பெண் மணலில் காத்திருந்தாள். மருந்தகத்தின் குளிர்பெட்டி பழுதாகி, குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து கெட்டுப்போயிருந்தது. புதிய குளிர்பெட்டி ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றுக்கும் முந்தி வந்ததால் உள்ளே போய், எடுக்க நேரம் போதாமல் இரண்டு தடவை இறங்காமலே திரும்பியிருந்தது. இம்முறை வாசலில் நின்றது, கடைசி நிமிடத்தில் ஏற்றிய, அந்த ஊர்க் கடை மனேஜரின் புது மீன்பிடி வள்ளம்.

வள்ளம் இறங்கியது. கோதுமை மா மூட்டைகள் இறங்கின. கடல் வற்றத் தொடங்கியது.

"அடுத்த மாதம் நிச்சயம்," என்றார் கப்டன்.

"போன மாதமும் அதைத்தான் சொன்னாய்," என்ற மார்கரெட், இரும்புப் பலகையின் நடுவில் உட்கார்ந்தாள். இன்னும் நாலு பெண்கள் குழந்தைகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"பலகையைத் தூக்கப்போறேன்."

"தூக்கு. இதுகளும் டார்வின் பார்த்ததில்லை."

சிவராசா அண்ணை அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார். கடல் போய்விட்டது. படகு மணலில் குந்தியது. இனி வேண்டிய அளவு நேரம் இருந்தது. சாமான்களை விலக்கி நாங்கள் குளிர்பெட்டியை வெளியே எடுத்தோம். கரையில் சக்கரமுள்ளது வள்ளம் ஏற்றிய வண்டி ஒன்றுதான். மார்கரெட் மனேஜரைப் பார்த்து, "வள்ளத்தை இறக்கு," என்றாள். இறக்கினார்.

போக விரும்புகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். பூர்வகுடி நிலத்தில் கால் வைக்க முன்அனுமதி வேண்டும். முதலைகள் உண்டு, கடலில் கால் கழுவாதீர்கள். பஸ்ஸைப் படகோடு நெருக்கிப் பதிவு செய்யாதீர்கள்; நான் டார்வினுக்குப் பிந்திப் போய் என் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அதில் எனக்குக் கோபமில்லை. மணலில் கிடந்ததால் படகுக்கு ஒரு கீறலும் விழவில்லை. குளிர்பெட்டி வந்த முதல் தடவையே அப்படிக் கிடந்திருக்கலாம்.